எண் அரேயை அட்டவணையில் ஒட்டும்போது சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

பைத்தான் மொழியில் அட்டவணைகளைக் கையாளும் நூலகம் பாண்டாஸ், எண் தொகுதிகளான அரேகளைக் கையாளும் நூலகம் நம்பை (NumPy). பாண்டாஸ் அட்டவணையில் ஒரு நம்பை அரேயைச் சேர்ப்பது ஒரு வரி வேலை. நீளம் பொருந்தாவிட்டால் வேல்யூ எரர் வந்து நிரல் நின்றுவிடும். அது நல்ல பிழை, அந்த இடத்திலேயே திருத்திவிடலாம். பயப்பட வேண்டியது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஓடி முடித்து, வேறொரு நாளின் மழையை இந்த நாளின் எதிரே உட்கார வைத்துவிடும் பிழைக்குத்தான். மொரிஷியஸில் மழைத் தரவு கையாளுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 2013 மார்ச் 30 அன்று போர்ட் லூயிஸ் வெள்ளத்தில் மூழ்கியது. அட்டவணை ஒரே ஒரு வரிசை நகர்ந்தாலும் அந்த மழை 29ஆம் தேதிக்கோ 31ஆம் தேதிக்கோ போய்விடும். வரைபடத்தில் பார்த்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது.

பெரும்பாலான குழப்பத்துக்கு வேர் ஒன்றுதான். நம்பை அரேக்கு இடம் மட்டுமே உண்டு: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. பாண்டாஸின் ஒற்றை நெடுவரிசையான சீரிஸில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு இண்டெக்ஸும், அதாவது வரிசையின் அடையாளமும், உண்டு. அட்டவணையில் அரேயைப் போட்டால் இடப்படி உட்காரும். சீரிஸைப் போட்டால் இண்டெக்ஸைத் தேடிப் போய் உட்காரும். உட்கார்ந்த பிறகு அட்டவணையைப் பார்த்தால் எது எப்படி வந்தது என்று தெரியாது.

உதாரணத்துக்கு, ஐந்து நாள் அட்டவணையில் விடுபட்ட மதிப்பு உள்ள ஒரு வரிசையை நீக்குகிறீர்கள். மிஞ்சிய இண்டெக்ஸ் 0, 1, 3, 4. அந்த நான்கு நாளுக்கும் திருத்திய மழையளவைக் கணக்கிட்டு 12.4, 0, 38.6, 5.2 என்று ஒரு சீரிஸ் செய்கிறீர்கள். அதன் இண்டெக்ஸ் தானாகவே 0, 1, 2, 3 என்று அமையும். இதை அப்படியே புது நெடுவரிசையாகப் போட்டால், 3ஆம் எண் வரிசைக்கு 38.6க்குப் பதில் 5.2 வரும், 4ஆம் எண் வரிசை 'நான்' (NaN, மதிப்பு இல்லை) என்று காலியாக நிற்கும். கன மழை பெய்த நாளின் 38.6 காணாமலே போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது. டூ_நம்பை கொண்டு சீரிஸை அரேயாக்கிப் போட்டால் நான்கும் வரிசையாக உட்காரும். அதற்காக எல்லா இடத்திலும் டூ_நம்பை போடுவதும் தப்பு. புது மதிப்புகள் மூல அட்டவணையின் எண்களையே சுமந்து வந்திருந்தால் இண்டெக்ஸ்படி சேர்ப்பதுதான் சரி. எதை நம்புவது என்று முதலில் நீங்கள் முடிவு செய்ய வேண்டும், பாண்டாஸிடம் விடக்கூடாது.

கீழே வரிசைகளாகச் சேர்க்கும்போது வேறு தொல்லை. 24 மணி நேரம், 3 நிலையங்கள் என்று 24க்கு 3 அரே ஒன்று இருக்கிறது. நம்பையின் அப்பெண்டில் (சேர்க்கும் கட்டளை) ஆக்சிஸ், அதாவது எந்தத் திசையில் சேர்ப்பது என்று, சொல்லாமல் மூன்று மதிப்புள்ள புது வரிசையைச் சேர்த்தால், 25 வரிசை வராது. எல்லாம் தட்டையாகி 75 மதிப்புள்ள ஒற்றை அரேதான் வரும். இது உடனே கண்ணில் படும். வடிவத்தை மட்டும் மாற்றும் ரீஷேப் அப்படியல்ல. அரே 3க்கு 24 ஆக வந்து, உங்களுக்கு 24க்கு 3 வேண்டும் என்றால், வரிசையையும் நெடுவரிசையையும் இடம் மாற்றும் டிரான்ஸ்போஸ்தான் சரி. ரீஷேப் போட்டால் வடிவம் பொருந்திவிடும், ஆனால் முதல் வரிசையில் முதல் நிலையமான வாக்குவாவின் முதல் மூன்று மணி நேரம் மூன்று நிலையங்களின் மதிப்பாக நிற்கும். சேர்த்த பிறகு ஏதாவது ஒரு நெடுவரிசையின் கூட்டுத்தொகையை மூலக் கோப்போடு ஒப்பிட்டால் இது மாட்டிக்கொள்ளும். மொத்த அட்டவணையின் கூட்டுத்தொகை மாறாது, அதை நம்பிப் பயனில்லை.

அரேயை டேட்டாஃபிரேமாக (பாண்டாஸ் அட்டவணையாக) மாற்றிக் கன்கேட் செய்யும்போது, அதாவது இன்னொரு அட்டவணையோடு ஒட்டும்போது, நெடுவரிசைப் பெயர் கொடுக்க மறப்பது அடுத்தது. பெயர் இல்லாவிட்டால் பாண்டாஸ் 0, 1, 2 என்று வைத்துக்கொள்ளும். மூன்று நெடுவரிசை அட்டவணை ஆறாகிவிடும், பாதி 'நான்' என்று காலியாக இருக்கும். பழைய அட்டவணையின் காலம்ஸையே (நெடுவரிசைப் பெயர்களையே) புதியதற்கும் கொடுத்துவிடுங்கள். தலைப்பின் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு இடைவெளியும் இதே வேலையைச் செய்யும்.

'நான்' என்ற காலி மதிப்பு நுழைந்ததும் முழு எண் நெடுவரிசை தசமமாகிவிடும். வாக்குவாவின் நிலைய எண் 61995 இப்போது 61995.0. அதை எழுத்தாக்கி இன்னொரு அட்டவணையோடு இணைத்தால் எதுவும் பொருந்தாது. நிலைய எண்ணைத் தொடக்கத்திலிருந்தே எழுத்தாக வைத்துக்கொள்வது நல்லது. எண்ணாகவே வேண்டும் என்றால் காலி மதிப்பை ஏற்கும் இன்ட்64 வகை இருக்கிறது. அதன் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கும், சிறிய எழுத்தில் தொடங்குவது ஏற்காது.

பிரெஞ்சு அமைப்பில் உள்ள எக்செலில் இருந்து வரும் கோப்புகளை நம் ஊரில் தவிர்க்க முடியாது. அதில் 12.4 என்பது 12,4 என்று இருக்கும், நெடுவரிசைகளை அரைப்புள்ளி பிரிக்கும். படிக்கும்போது டெசிமல் (தசமக் குறி) என்ன என்று சொல்லாவிட்டால் மழை நெடுவரிசை முழுக்க எழுத்தாகிவிடும். அதன் கீழே எண் அரேயைச் சேர்த்தால் இரண்டும் கலந்து, எதையும் ஏற்கும் ஆப்ஜெக்ட் வகையாகும். இன்னும் மோசம், காற்புள்ளி ஆயிரத்தைப் பிரிப்பது என்று சொல்லிவிட்டால் 12,4 மில்லிமீட்டர் 124 ஆகிவிடும். சூறாவளிக் காலத்தில் 124 நம்பக்கூடிய எண்தான், யாருக்கும் சந்தேகம் வராது.

மணிநேரத் தரவுக்கு இங்கே தனிப் பொறி ஒன்று உண்டு. 2008 அக்டோபர் 26 அன்று மொரிஷியஸ் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தியது, 2009 மார்ச் 29 அன்று பழைய நேரத்துக்குத் திரும்பியது. முன்னதாக 1982-83லும் ஒரு முறை இப்படிச் செய்தார்கள். சுவர்க் கடிகாரப்படி அக்டோபரில் ஒரு மணி நேரம் இல்லை, மார்ச்சில் இரவு 1 மணி இரண்டு தடவை வந்தது. 2008 ஜூலை முதல் 2009 ஜூன் வரை எடுத்தால் இல்லாததும் கூடுதலும் ஈடாகி, கடிகாரம் மாற்றிய தரவிலும் மாற்றாத தரவிலும் 8760 வரிசைதான். நீளச் சோதனை தேறிவிடும், நடுவில் ஐந்து மாதம் ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். கருவியின் கடிகாரம் மாற்றப்பட்டதா, எப்போதும் கிரீன்விச்சுக்கு 4 மணி முன்னாலேயே இருந்ததா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு இரண்டு தரவையும் யூடிசிக்கு (உலகப் பொது நேரத்துக்கு) மாற்றி, அந்த இண்டெக்ஸில் சேருங்கள்.

லூப்புக்குள் ஒவ்வொரு வரிசையாக ஒட்டுவது விடையைக் கெடுக்காது, நேரத்தைத் தின்னும். ஒவ்வொரு முறையும் முழு அட்டவணையும் நகலாகிறது. ஓராண்டின் 8760 வரிசைக்கு ஏறக்குறைய 3.8 கோடி வரிசை நகல். வரிசைகளை ஒரு லிஸ்டில் சேர்த்து வைத்து, கடைசியில் ஒரே ஒரு கன்கேட் போதும். டேட்டாஃபிரேமின் அப்பெண்ட் 2023இல் வந்த பாண்டாஸ் 2.0இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்கு மாற்றாகச் சிலர் முன்னால் அடிக்கோடு போட்ட _அப்பெண்டைச் சொல்லித் தருகிறார்கள். அது உள் உபயோகத்துக்கு உள்ளது, எந்தப் பதிப்பிலும் சொல்லாமல் போய்விடலாம்.

கன்கேடில் பழைய இண்டெக்ஸை விட்டுப் புதிதாக எண்ணிடும் இக்னோர்_இண்டெக்ஸ் போடாவிட்டால் 0, 1, 2 திரும்பத் திரும்ப வரும், பிறகு இண்டெக்ஸைக் கொண்டு வரிசையை எடுக்கும் லோக்கில் 0 கேட்டால் பல வரிசைகள் வரும். தேதிதான் இண்டெக்ஸ் என்றால் இக்னோர்_இண்டெக்ஸ் போடாதீர்கள், தேதியே அழிந்துவிடும். அங்கே வெரிஃபை_இன்டெக்ரிடி போட்டால், ஒரே தேதி இரண்டு முறை வந்ததும் பிழை கொடுத்து நிற்கும்.

புள்ளியியலுக்கான ஆர் மொழியைப் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு சொல். 6 வரிசை டேட்டாஃபிரேமில் 2 மதிப்புள்ள வெக்டரைப் (மதிப்புகளின் தொடரை) போட்டால் ஆர் பிழை கொடுக்காது, மூன்று தடவை திரும்ப எழுதி நிரப்பிவிடும். 4 மதிப்பு என்றால்தான் நிற்கும். டிபிள் என்ற ஆரின் இன்னொரு அட்டவணை வகை ஒற்றை மதிப்பை மட்டுமே அப்படி நிரப்பும், ஆகவே அதில் தொடங்குவது பாதுகாப்பு.