எஞ்சின் ஃபேன்: பெல்ட்டில் ஓடுவதா, கரண்டில் ஓடுவதா? உங்கள் வண்டிக்குச் சரியானதைப் பார்த்துப் போடுவது எப்படி

கொழும்பு காலி வீதி நெரிசலில் ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது வெப்பமானி முள் மெல்ல மேலே போகிறதா? கராஜுக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “கரண்ட் ஃபேன் ஒன்று போட்டுவிடுவோம்” என்பதுதான். சில வண்டிகளுக்கு அது அருமையான யோசனை. சிலவற்றுக்கு வீண் செலவு. சுமை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் போகும் வண்டிக்கோ எஞ்சினையே கெடுத்துவிடலாம். அதனால் காசை எடுக்கும் முன் கீழே உள்ளவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. இப்போது இருப்பது எது?

எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கரண்ட் ஃபேன் சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் திடீரென்று சுற்றும், விரல் போய்விடும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

ஃபேன் நேராக வாட்டர் பம்ப் புலியில் (பெல்ட் ஓடும் சக்கரத்தில்) பூட்டப்பட்டு பெல்ட்டால் சுற்றினால் அது மெக்கானிக்கல். பழைய ஹைஏஸ் வான், பஜெரோ, எல்ஃப், கன்டர் லொறிகளில் எல்லாம் இதுதான். ரேடியேட்டரோடு ஒட்டிய கூட்டுக்குள் மோட்டாரும் அதற்கு வயரும் இருந்தால் எலெக்ட்ரிக். முன்சக்கரத்தில் இழுக்கும் கார்களில் எஞ்சின் குறுக்கே இருப்பதால் பெல்ட் ஃபேனை ரேடியேட்டருக்கு நேராக வைக்க முடியாது. அவற்றில் தேர்வுக்கே இடமில்லை, கரண்ட் ஃபேன்தான்.

2. எப்போது சூடேறுகிறது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. வண்டி 50, 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும், ஃபேனுக்கு அதிகம் வேலையில்லை. ஆகவே நெரிசலில் மட்டும் சூடேறி, ஓடத் தொடங்கியதும் முள் இறங்கினால் சந்தேகம் ஃபேன் மேல். தெற்கு அதிவேக வீதியில் ஓடும்போதே சூடேறினால் ஃபேனை மாற்றி ஒரு பயனும் இல்லை. அடைத்த ரேடியேட்டர், திறக்காத தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் ரேடியேட்டர் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு), தேய்ந்த வாட்டர் பம்ப், கசியும் ஹெட் கேஸ்கட் இவற்றில் ஒன்றைத் தேடுங்கள்.

ஃபேன் பக்கம் ஒரு டோர்ச்சை அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். தகடுகளுக்கு இடையே வெளிச்சம் தெரியாத இடத்தில் காற்றும் போகாது. கடலோரம் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்று தகடுகளை அரித்து, தொட்டாலே உதிரும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அப்படியானால் முதல் செலவு ரேடியேட்டருக்கு.

3. பழைய ஃபேன் உண்மையிலேயே கெட்டதா?

மெக்கானிக்கல் ஃபேனின் நடுவில் உள்ள வட்டமான உலோகக் கூடுதான் விஸ்கஸ் கிளட்ச். உள்ளே சிலிக்கோன் எண்ணெய், முகப்பில் இரட்டை உலோகச் சுருள். ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானதும் சுருள் வளைந்து வழி திறக்க, எண்ணெய் போய் ஃபேனைப் புலியோடு பிடித்துக்கொள்ளும். ஆறிய எஞ்சினில் ஃபேனைக் கையால் சுண்டிவிடுங்கள். லேசான இழுவையோடு உடனே நிற்க வேண்டும். தடையில்லாமல் பல சுற்றுச் சுற்றினாலோ, கூட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலோ கிளட்ச் முடிந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டு அடங்கினால் பயப்பட வேண்டாம், அது இயல்பு.

கிளட்ச் மட்டும் போயிருந்தால் நான் அதையே மாற்றச் சொல்வேன். வயரிங்கைத் தொடாமல் வேலை முடிந்துவிடும்.

4. வண்டி என்ன வேலை செய்கிறது?

பெல்ட் ஃபேன் எஞ்சின் வேகத்தோடு கட்டுண்டது. ஐடிலில், அதாவது வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது, மெதுவாகத்தான் சுற்றும். நெரிசலில் அதன் பலவீனம் அதுதான். மறுபக்கம், கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் முக்கி ஏறும்போது முழுப் பலத்தோடு காற்றை இழுக்கும். அதற்கு விலையும் உண்டு: ஃபேனின் வேகம் இரு மடங்கானால் அது எஞ்சினிடமிருந்து எடுக்கும் சக்தி 8 மடங்கு.

கரண்ட் ஃபேன் ஐடிலிலும் முழு வேகத்தில் சுற்றும், தேவையில்லாதபோது நிற்கும். நகருக்குள் ஏசியோடு ஓடும் வண்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மழைக்கு ஆமர் வீதிப் பக்கம் தண்ணீர் நிற்கும்போதும் கொஞ்சம் அனுகூலம்: பெல்ட் ஃபேனின் பிளாஸ்டிக் இதழ்கள் தண்ணீரில் அடிபட்டு முன்னே வளைந்து ரேடியேட்டரையே கிழிக்கலாம், கரண்ட் ஃபேனை சுவிட்ச் வைத்து நிறுத்திவிடலாம்.

என் தீர்ப்பு இது. பாரம் ஏற்றும், மலை ஏறும் டீசல் வண்டிக்குப் பெல்ட் ஃபேன் இருக்கட்டும். ஏசிக்காக முன்பக்கம் சின்னக் கரண்ட் ஃபேன் ஒன்றைத் துணைக்குச் சேர்க்கலாம். கொழும்புக்குள்ளேயே ஓடும் இலகு வண்டியென்றால் மாற்றலாம், ஆனால் அடுத்த கணக்குச் சரிவந்தால் மட்டும்.

5. கரண்ட் தரும் அல்டர்னேட்டர் தாங்குமா?

மழை இரவில் நெரிசலில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 வாட் ஹெட்லைட் இரண்டுக்கும் சுமார் 9 அம்பியர். ஏசி புளோவருக்கு 10 முதல் 15. கம்ப்ரசர் கிளட்சுக்கு 4. வைப்பருக்கு 4 அல்லது 5. பெரிய ரேடியேட்டர் ஃபேன் ஒன்றுக்கு 20, 25. கூட்டினால் 50 அம்பியரைத் தொடுகிறது. பழைய வண்டியின் அல்டர்னேட்டரில் 60 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் ஐடிலில் அவ்வளவு வராது. பற்றாக்குறையைப் பற்றரி கொடுக்கும், நாளடைவில் பற்றரியும் சோர்ந்துவிடும். பெரிய அல்டர்னேட்டருக்கும் சேர்த்துக் காசு இருந்தால் இறங்குங்கள்.

6. வாங்குவதும் பூட்டுவதும்

ரேடியேட்டரின் நீள அகலத்தையும், அதற்கும் எஞ்சினுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து எழுதிக்கொண்டு, உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். கூடோடு சேர்ந்த ஜப்பான் ஃபேனாகப் பாருங்கள். கூடு இல்லாத ஃபேன் தன் வட்டத்துக்குள் மட்டும்தான் காற்றை இழுக்கும், மூலைகள் அப்படியே கிடக்கும். கடையிலேயே பற்றரியில் கொடுத்துச் சுற்றவிட்டு, ஆட்டமும் சத்தமும் கவனியுங்கள்.

வயரிங்கை ஓட்டோ இலெக்ட்ரீஷியனிடமே கொடுங்கள். கேட்க வேண்டியவை இவை: பற்றரியின் பக்கத்திலேயே 40 அம்பியர் ஃபியூஸ், 40 அம்பியர் ரிலே, தடித்த வயர், வண்டியின் பொடிக்கு (உடற்கூட்டுக்கு) அல்லாமல் பற்றரி நெகட்டிவுக்கே போகும் எர்த். சென்சர் ஃபேனைப் போடும் வெப்பம் தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்தைவிடக் கூடியதாக இருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் 82 பாகையென்றால், மேல் ஹோஸ் பக்கம் வைக்கும் சென்சர் 92, 95 பாகையில் போடட்டும். குறைவாக வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது. ஏசி போட்டதும் ஃபேன் வேலை செய்ய இன்னொரு ரிலே. பழைய ஃபேனைக் கழற்றிய பின் புலியின் நட்டுகள் அடிவரை இறுகிவிட்டனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபேனின் தடிப்பு போனதால் நட்டு முட்டி நின்று, புலி தளர்வாகவே இருந்துவிடலாம்.

7. கராஜை விட்டு வரும் முன்

ஃபேன் ஓடும்போது ஒரு பத்திரிகைத் தாளை முன் கிரில்லில் பிடியுங்கள். ஒட்டிக்கொண்டால் சரி. தள்ளிவிட்டால் வயர் மாறி, ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. அப்புறம் ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு 20 நிமிடம் ஐடிலில் விட்டு, பற்றரியில் மல்டிமீற்றரை வையுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் வண்டியை வெளியே எடுக்காதீர்கள், அல்டர்னேட்டர் வேலையையும் முடித்துவிட்டே எடுங்கள்.