குழந்தைகள் உள்ள வீட்டுக்கு எந்த இன நாய்? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு

"வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது, எந்த நாய் வாங்கலாம்?" என்று யாரைக் கேட்டாலும் "லேப் வாங்குங்கள்" என்பார்கள், அதாவது லாப்ரடார் இன நாயை. தவறான பதில் இல்லை, பாதிப் பதில். 2022இல் 'சயின்ஸ்' இதழில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று அதில் தெரியவந்தது. ஆகவே இனத்தை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொள்வோம்.

படி 1: நாயைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பாருங்கள்

குழந்தையின் வயதுதான் முதல் கேள்வி. வாலைப் பிடித்து இழுக்கிற, மேலே விழுந்து புரளுகிற வயதென்றால் 3 கிலோகூட இல்லாத சிவாவா போன்ற நாய் வேண்டாம். கை நழுவிக் கீழே விழுந்தாலே அதற்குக் கால் முறியலாம். அந்தப் பயத்தில் கடிக்கவும் செய்யும். இன்னொரு பக்கம், 30 கிலோ எடையுள்ள இளம் நாய் அன்பாக ஓடி வந்து மோதினாலே நடை பழகும் பிள்ளை கீழே விழும்.

அடுத்து, தினமும் யார் வெளியே கூட்டிப் போவார்கள்? "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பத்து வயதுப் பிள்ளை சத்தியம் செய்தாலும் நம்பாதீர்கள். அந்த வேலை பெரியவர்கள் தலையில்தான் விழும், அதுவும் பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு. அதற்கு நேரமில்லை என்றால் இப்போதைக்கு நாய் வேண்டாம்.

படி 2: அந்த இனம் எந்த வேலைக்கு உருவானது என்று கேளுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெரும்பாலான இனங்கள் ஏதோ ஒரு வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. வேலை போனாலும் பழக்கம் போகாது.

பார்டர் கோலி ஆடு மேய்க்கும் நாய். அதிபுத்திசாலி, உண்மைதான். ஆனால் ஓடுகிற எதையும் வளைத்து மடக்கப் பார்க்கும். பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினால் அதற்கு அவர்கள் ஆட்டுமந்தை, குதிகாலைக் கவ்வும். நாளெல்லாம் வேலை கொடுக்க முடியாத வீட்டில் அது தனக்கான வேலையைத் தானே தேடிக்கொள்ளும். அது உங்கள் சோபாவைக் கிழிப்பதாகவும் இருக்கலாம்.

டெரியர் வகைகளில் பல, எலி போன்ற சிறு விலங்குகளை வேட்டையாட வளர்க்கப்பட்டவை. சுறுசுறுப்பு அதிகம், பொறுமை குறைவு. வீட்டில் முயலோ வெள்ளெலியோ இருந்தால் யோசியுங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வீலர் போன்ற காவல் திறமுள்ள இனங்கள் வீட்டுப் பிள்ளையிடம் உயிராக இருக்கும். பிள்ளையின் நண்பர்கள் வந்து கத்திக் கட்டிப்புரளும்போதுதான் சிக்கல்: நம் பிள்ளையை யாரோ தாக்குகிறார்கள் என்று அது எண்ணிவிடலாம். நல்ல பயிற்சி கொடுத்தால் சமாளிக்கலாம், ஆனால் முதல்முறை வளர்ப்பவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் இரண்டும் சுட்டு வீழ்த்திய பறவையைச் சேதமில்லாமல் கவ்விக்கொண்டு வரப் பழக்கப்பட்டவை. மனிதரோடு ஒத்துப்போவதும் வாயை மென்மையாகப் பயன்படுத்துவதும் அந்த வேலைக்கே தேவை. குழந்தைகளுக்கு ஏற்றவை என்ற பெயர் இப்படித்தான் வந்தது.

படி 3: சிறு பட்டியல் போடுங்கள்

லாப்ரடார்: முதல் இரண்டு வருடம் அடங்காது, கிடைத்ததை எல்லாம் கடிக்கும். பசி அடங்காமல் செய்யும் ஒரு மரபணு மாற்றம் இந்த இனத்தில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு உண்டு என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிள்ளை சிந்துகிற பிஸ்கட்டிலேயே கொழுத்துவிடும், கவனம்.

கோல்டன் ரெட்ரீவர்: சாந்தம். வீடெங்கும் முடி.

பீகிள்: 10 கிலோ அளவு, பிள்ளைகள் தூக்கிப்போட முடியாத உறுதி. மோப்பம் கிடைத்துவிட்டால் கூப்பிடுவது காதில் விழாது, ஊளைச் சத்தமும் உண்டு. பக்கத்து வீட்டாரோடு சுவரைப் பகிர்ந்து வாழ்பவர்கள் தவிர்க்கலாம்.

பூடில்: முடி அதிகம் கொட்டாது, ஆனால் அடிக்கடி முடி வெட்டிவிட வேண்டும். பிள்ளைக்கு ஒவ்வாமை தராத நாய் என்று எதுவும் இல்லை. ஒவ்வாமைப் பொருள் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கிறது. பிள்ளைக்கு மூச்சிரைப்பு இருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

கவாலியர் ஸ்பானியல்: மடியில் கிடக்கும் சாது. இதய வால்வு நோய் இந்த இனத்தில் அதிகம்.

பக், பிரெஞ்ச் புல்டாக்: குணம் நல்லது, மூக்கு சப்பை. மூச்சுத்திணறலும் வெயில் தாங்காமையும் கூடவே வரும். பிள்ளையோடு ஓடி விளையாட ஒரு துணை தேடினால் இவை வேண்டாம்.

கலப்பின நாயை ஒதுக்காதீர்கள். வளர்ந்த கலப்பின நாயாக இருந்தால் எடையும் குணமும் கண்முன்னே தெரிகிறது. குட்டியில் அதெல்லாம் ஊகம்தான்.

படி 4: நேரில் போய்த் தாயைப் பாருங்கள்

படத்தைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். தாய் நாய் இருக்கும் இடத்துக்கே போங்கள். அது அந்நியரைக் கண்டு ஒடுங்கினாலோ சீறினாலோ, குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். காட்ட மறுத்தாலும் அப்படியே.

எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரை பார்த்துப் பழகியதைத்தான் நாய் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். அதனால் "இதுவரை குழந்தைகளைப் பார்த்திருக்கிறதா?" என்று கேளுங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிப் போய் தரையில் உட்கார வையுங்கள். தானாக வந்து முகர்ந்து, கொஞ்சம் விளையாடி, அடங்கி உட்காரும் குட்டி நல்ல தேர்வு. மூலையில் பதுங்குவதும் வேண்டாம், எல்லாவற்றையும் முட்டித் தள்ளிக்கொண்டு வருவதும் வேண்டாம்.

வளர்ந்த நாய் என்றால் அதன் காது, பாதம், வால் ஆகியவற்றைப் பராமரிப்பவர் தொடும்போது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தடுப்பூசி அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 5: வந்த பிறகு

சின்னப் பிள்ளையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விடாதீர்கள், எந்த இனமானாலும் சரி. நாய்க்கென்று ஒரு மூலை ஒதுக்கி, பிள்ளை அங்கே நுழையக் கூடாது என்று சொல்லி வையுங்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் தொடக் கூடாது.

உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரப்பார்வை பார்ப்பது, உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது எல்லாம் "போதும்" என்று நாய் சொல்லும் விதம். கண்டதும் பிள்ளையை விலக்குங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேராகக் கடிக்கப் பழகும். உறுமல் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுவலி, மூட்டுவலி போன்றவையும் காரணமாக இருக்கலாம்.