மார்ச்சிங் பேண்ட் போட்டிப் பருவம்: முதலாண்டு மாணவரின் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

டெக்சாஸ் மாநிலத்தில் டாலஸ், ஆஸ்டின், ஹூஸ்டன் நகரங்களின் புறநகர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், நடுநிலைப் பள்ளியில் கிளாரினெட்டோ டிரம்பெட்டோ கற்ற பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் மார்ச்சிங் பேண்டில் சேர்வது இன்று வியப்புக்குரிய செய்தியன்று. சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோரில் பலர், ஆகஸ்டு முதல் நவம்பர் வரை வீட்டின் வெள்ளி இரவுகளும் சனிக்கிழமைகளும் அதற்கே போய்விடும் என்பதை அறிந்திருப்பதில்லை. நம் ஊர்ப் பள்ளியில் குடியரசு நாளன்று கொடியேற்றத்துக்கு வாசித்த பேண்டை நினைத்துக்கொண்டு இதை அணுகினால் ஏமாற்றமே மிஞ்சும். நூறு யார்டு நீள அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், ஏழெட்டு நிமிடம் மனப்பாடமாக இசைத்துக்கொண்டே ஒருவரையொருவர் ஊடறுத்து நடந்து, வடிவங்களை அமைத்தும் கலைத்தும் செல்லும் முழுநீள நிகழ்ச்சி இது. இசையைக் கற்பிக்க ஆசிரியர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் தூக்கம், தண்ணீர், கால்கள், நேரம் ஆகிய நான்கையும் காப்பதுதான் பெற்றோரின் வேலை என்பது என் கருத்து. இக்கட்டுரையும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியதே.

நாட்காட்டியை முதலில் முடிவு செய்யுங்கள்

கோடைப் பயிற்சி முகாமின் தேதிகளும் போட்டித் தேதிகளும் பெரும்பாலும் வசந்த காலத்திலேயே பெற்றோருக்கு அனுப்பப்பட்டுவிடும். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே இந்தியப் பயணத்துக்கு விமானச் சீட்டு எடுக்க வேண்டும். ஜூலை கடைசியில் ஊருக்குச் சென்று ஆகஸ்டு நடுவில் திரும்பும் பிள்ளை, முகாமில் கற்பிக்கப்படும் அடிப்படை நடையையும் முதல் பகுதியின் இட அமைப்பையும் ஒருசேரத் தவறவிட்டுவிடும். பரதநாட்டிய அரங்கேற்றத்தைக் கோடையில் வைக்கும் குடும்பங்கள் அதை ஜூலை நடுப்பகுதிக்குள் முடித்துக்கொள்வது நலம். செப்டம்பரில் வெள்ளிக்கிழமைதோறும் கால்பந்து ஆட்டம், அம்மாத இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முதல் போட்டி, அக்டோபரில் மண்டலப் போட்டி, அதன்பின் தகுதி பெற்றால் அடுத்த கட்டங்கள் என்று பருவம் நகரும். நவராத்திரி, கல்லூரி நுழைவுக்கான எஸ்.ஏ.டி. தேர்வின் முன்னோட்டமான பி.எஸ்.ஏ.டி. தேர்வு, சில ஆண்டுகளில் தீபாவளி ஆகிய மூன்றும் இதே வாரங்களில் வந்து விழும். வாரநாளில் கொலுவுக்கு அழைப்பதும், வார இறுதித் தமிழ்ப் பள்ளி ஆசிரியரிடம் ஆகஸ்டிலேயே பேசி விடுபடப்போகும் வகுப்புகளுக்கு மாற்று ஏற்பாடு செய்துகொள்வதும், போட்டி நாளன்று காலையில் இவற்றைப் பற்றி வாதிடுவதைவிட எவ்வளவோ எளியவை.

டெக்சாஸில் இப்போட்டிகளை நடத்தும் யூனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக், சுருக்கமாக யூ.ஐ.எல்., பள்ளி நேரத்துக்கு வெளியே நடக்கும் பயிற்சிக்கு வாரத்துக்கு 8 மணி நேரம் என்று வரம்பு வைத்துள்ளது. ஆனால் கால்பந்து ஆட்டமும் போட்டியும் பயணமும் அந்த எட்டு மணி நேரத்தில் சேராதவை என்பதால், உண்மையில் செலவாகும் நேரம் அதைவிட மிக அதிகம். வீட்டுப்பாடத்துக்கு வாரத்தில் எஞ்சுவது எந்தெந்த மாலைகள் என்பதைப் பிள்ளையுடன் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்துவிட வேண்டும். இதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. 1984-இல் டெக்சாஸ் சட்டமன்றம் கொண்டுவந்து, 1995-இல் தளர்த்திய விதியின்படி, மதிப்பீட்டுக் காலத்தின் இறுதியில் ஏதேனும் ஒரு பாடத்தில் 70-க்குக் குறைவாகப் பெறும் மாணவர் குறைந்தது மூன்று வாரங்களுக்குப் போட்டியில் பங்கேற்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் வரலாம். சில உயர்நிலைப் பாடங்களுக்குப் பள்ளி மாவட்டம் விலக்கு அளிப்பதுண்டு, எவற்றுக்கு என்பதை ஆசிரியரிடம் கேட்டறியலாம். மைதானத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் இடம் வரையறுக்கப்பட்டிருப்பதால், ஒருவர் விலக்கப்பட்டால் அந்த இடம் வெறும் ஓட்டையாகத் தெரியும், இல்லையெனில் அவசர அவசரமாக வேறொருவர் அதைக் கற்க வேண்டியிருக்கும்.

வெயிலும் தண்ணீரும்

ஆகஸ்டு மாத டெக்சாஸில் பிற்பகல் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கமானதே. கறுப்புத் தார்த்தளத்தில் பயிற்சி நடக்கும் பள்ளிகளில் தரையின் சூடு அதனினும் கூடுதல். மதுரை வெயிலில் வளர்ந்தவர்கள் நாம், நம் பிள்ளைக்கு இது ஒன்றும் செய்யாது என்று எண்ணுவது தவறு, ஏனெனில் பிள்ளை வளர்ந்தது குளிரூட்டப்பட்ட அறைகளில். முகாம் தொடங்குவதற்கு இரண்டு வாரங்கள் முன்பிருந்தே நாள்தோறும் சிறிது சிறிதாக நேரத்தைக் கூட்டி வெளியில் நடக்க வைப்பது, உடல் வெப்பத்துக்குப் பழகுவதற்கு உதவும்.

ஒரு கேலன், அதாவது சுமார் 3.8 லிட்டர், கொள்ளும் வெப்பங்காப்புக் குடுவை ஒன்றை வாங்கி, அதில் பெயரை அழியாத மையால் எழுதுங்கள், ஏனெனில் அதே நிறக் குடுவைகள் வரிசையாக முப்பது இருக்கும். தண்ணீர் குடிக்கும் பழக்கம் பயிற்சியின்போது தொடங்கினால் போதாது, முந்தைய இரவே தொடங்க வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால் வெறும் தண்ணீரோடு உப்புச்சத்துள்ள பானமும் தேவை. காலையில் இட்லி போன்ற எளிதில் செரிக்கும் உணவு நல்லது. பயிற்சிக்கு முன் பால் வேண்டாம் என்று பல ஆசிரியர்கள் சொல்வார்கள், ஆகவே உப்பிட்ட நீர்மோரை வீடு திரும்பிய பின் கொடுங்கள். அகன்ற விளிம்புள்ள தொப்பியும் வெயில்காப்புக் களிம்பும் நிறம் கறுத்துவிடும் என்ற கவலைக்காக அல்ல, தோல் எரிந்துவிடாமல் இருப்பதற்காக.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல் ஆகியவை தோன்றியவுடன் நிழலுக்கு வந்து உட்கார வேண்டும் என்பதையும், அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை என்பதையும் பிள்ளையிடம் தெளிவாகக் கூறுங்கள். பேச்சில் குழப்பம் காணப்பட்டாலோ மயக்கம் வந்தாலோ அது உயிராபத்தான வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடனே 911 அழைத்து, உதவி வரும்வரை பனிக்கட்டி நீரால் உடலைக் குளிர்விப்பதே செய்ய வேண்டியது. இந்த ஒன்றில் மட்டும் பெற்றோரும் மாணவரும் கூச்சமே காட்டக் கூடாது.

மைதானத்தில் தன் இடத்தை அறிதல்

மார்ச்சிங் பேண்டில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இசையைவிடக் கடினமாக இருப்பது இதுதான். நிகழ்ச்சி பல ‘செட்’களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு செட்டிலும் ஒவ்வொரு மாணவரும் நிற்க வேண்டிய புள்ளி குறிக்கப்பட்டிருக்கும், அதைப் பிள்ளைகள் ‘டாட்’ என்பார்கள். “இரண்டாம் பக்கம், 40 யார்டு கோட்டுக்கு வெளியே 3 காலடி, முன் ஹாஷுக்குப் பின்னால் 6 காலடி” என்பது போல அது எழுதப்பட்டிருக்கும். பார்வையாளரின் இடப்பக்கம் முதல் பக்கம், வலப்பக்கம் இரண்டாம் பக்கம். ‘வெளியே’ என்றால் 50 யார்டு நடுக்கோட்டிலிருந்து விலகி. ‘பின்னால்’ என்றால் பார்வையாளரிடமிருந்து விலகி. ஐந்து யார்டு தூரத்தை எட்டுக் காலடிகளில் கடப்பதே பொது அளவு, அதாவது ஒரு காலடிக்கு இருபத்திரண்டரை அங்குலம், ஏறத்தாழ 57 சென்டிமீட்டர். மைதானத்தின் நீளவாக்கில் ஓடும் ஹாஷ் கோடுகள் டெக்சாஸில் கல்லூரி அளவின்படி ஓரக்கோட்டிலிருந்து 60 அடியில், சரியாக 32 காலடியில் இருக்கும். பிற மாநிலப் பள்ளிகளில் அவை 53 அடி 4 அங்குலத்தில், ஏறக்குறைய 28 காலடியில் அமையும். வேறு மாநிலத்தில் ஓராண்டு வாசித்துவிட்டுக் குடிபெயர்ந்து வந்த பிள்ளைக்கு இந்த நான்கு காலடி வேறுபாடு முதல் வாரம் முழுவதும் தொல்லை தரும்.

வீட்டில் இதைப் பழகுவது எளிது. கார் நிறுத்தும் நடைபாதையில் பதினைந்து அடி இடைவெளியில் இரண்டு கோடுகளைச் சுண்ணக்கட்டியாலோ கோலமாவாலோ இழுத்து, கைப்பேசியில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோமை ஓடவிட்டு, எட்டாவது எண்ணிக்கையில் கால் கோட்டில் சரியாக வந்து சேரும்வரை முன்னும் பின்னும் நடக்கட்டும். கீழே பார்க்கக் கூடாது, கண் நிமிர்ந்தே இருக்க வேண்டும். முன்நடையில் குதிகால் முதலில் ஊன்றி உள்ளங்கால் வழியே உருண்டு முன்னேறுவதும், பின்நடையில் குதிகால் தரையைத் தொடாமல் முன்பாதத்தில் செல்வதும் பெரும்பாலான பள்ளிகளின் முறை. இந்த உருளும் நடை உடலின் மேற்பகுதியை ஆடாமல் வைத்திருப்பதற்காகவே. உடல் குலுங்கினால் ஊதும் சுரமும் குலுங்கும். நடை கைவந்த பின் அதே இடத்தில் தன் பகுதியைப் பாடிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள், அதன் பிறகே கருவி. மிருதங்கமோ வாய்ப்பாட்டோ கற்ற பிள்ளைகளுக்குத் தாளக் கணக்கு கையில் இருக்கும்; அதைக் காலுக்கு இறக்குவதற்குச் சில வாரங்கள் பிடிப்பது இயல்பு, அதற்காகப் பாட்டு ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

உடையும் காலணியும்

மார்ச்சிங் காலணிகளை மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் வேளையில், போட்டிக்கு அணியும் அதே நீண்ட கறுப்புக் காலுறையுடன் போட்டுப் பார்க்க வேண்டும். புதுக் காலணியை முதன்முதலாகப் போட்டி நாளில் அணியவிடாதீர்கள். சீருடைக்குள் வியர்வை உறிஞ்சும் மெல்லிய மேற்சட்டையும் உடலோடு ஒட்டிய அரைக்காற்சட்டையும் போதும். நகைகளும் நகப்பூச்சும் பெரும்பாலான பள்ளிகளில் அனுமதிக்கப்படுவதில்லை. கம்மல், கொலுசு, கோயில் கயிறு ஆகியவற்றில் கழற்ற இயலாதது ஏதேனும் இருந்தால் ஆசிரியரிடம் ஆகஸ்டிலேயே சொல்லிவிடுவது நல்லது, கயிறு பெரும்பாலும் கையுறைக்குள் மறைந்துவிடும். நீண்ட கூந்தல் உள்ள பெண்ணுக்குத் தொப்பியின் வடிவத்தைப் பார்த்த பின்னரே கொண்டை உச்சியிலா பிடரியிலா என்று முடிவு செய்ய முடியும், ஆகவே அதை ஒருமுறை வீட்டில் ஒத்திகை பாருங்கள்.

போட்டி நாள்

காலையில் பள்ளியில் பயிற்சி, லாரியில் கருவிகளை ஏற்றுதல், பேருந்துப் பயணம், உடை மாற்றம், சுருதி சேர்த்தல், நிகழ்ச்சி, பிற பள்ளிகளைக் காணுதல், பரிசளிப்பு என்று அந்த நாள் நள்ளிரவு வரை நீளும். தகுதிச் சுற்றும் இறுதிச் சுற்றும் ஒரே நாளில் நடக்கும் போட்டியானால், இறுதிக்குச் செல்வது மாலையில்தான் தெரியவரும். எனவே இரண்டு வேளை உணவுக்கு ஏற்பாடு வேண்டும். பூஸ்டர் கிளப் என்னும் பெற்றோர் சங்கம் உணவு வழங்கும், ஆனால் சைவ உணவு வேண்டும் என்பதைப் படிவத்தில் முன்கூட்டியே குறிப்பிட்டால்தான் கிடைக்கும், இல்லையேல் பீட்சாவின் மேலிருக்கும் இறைச்சியைப் பிள்ளை பொறுக்கி எடுத்துக்கொண்டிருக்கும். அந்தச் சங்கத்தில் ஏதேனும் ஒரு வேலையை ஏற்பது, குடும்பமே புதிதாய் வந்த ஊரில் மனிதர்களை அறிய நல்ல வழி. மேடைப் பொருள்களை மைதானத்துக்குத் தள்ளிச் செல்லும் குழுவுக்கு எப்போதும் ஆள் குறைவு. குறித்த நேரத்துக்குள் உள்ளே வந்து வெளியேறாவிட்டால் பள்ளிக்குப் புள்ளிகள் கழியக்கூடும் என்பதால் அதற்கான ஒத்திகைக்கும் செல்ல வேண்டும்.

பார்வையாளராகச் செல்பவர்கள் முன்வரிசையைத் தேட வேண்டாம். வடிவங்கள் உயரத்திலிருந்து பார்த்தால்தான் புலப்படும், நடுவர்களில் பெரும்பாலோரும் மேலேதான் அமர்ந்திருப்பார்கள். நடுக்கோட்டுக்கு நேராக எவ்வளவு உயரம் கிடைக்கிறதோ அங்கே உட்காருங்கள். எந்தப் பள்ளி ஆடினாலும் நிகழ்ச்சி நடக்கும்போது எழுந்து நடப்பதும், மெல்லிசைப் பகுதியில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூவுவதும் இங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படும். காணொளி எடுக்கலாமா என்பதை நுழைவாயிலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணைப் படிப்பது எப்படி

“எத்தனையாவது இடம்?” என்ற நமக்குப் பழக்கமான கேள்வி இங்கே அவ்வளவாகப் பயன்படாது. யூ.ஐ.எல். மண்டலப் போட்டியில் இடமே கிடையாது. மூன்று நடுவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை தரமளிப்பார்கள், ஒன்று என்பதே உயர்ந்தது, அந்தத் தரம் பெற்ற எல்லாப் பள்ளிகளும் அடுத்த கட்டமான ஏரியா போட்டிக்குத் தகுதி பெறலாம். அங்கும், சான் அன்டோனியோ நகரின் ஆலமோடோம் அரங்கில் நடக்கும் மாநிலப் போட்டியிலும்தான் வரிசை வருகிறது. பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்னும் தேசிய அமைப்பு நடத்தும் போட்டிகளின் கணக்கு வேறு: 100 புள்ளிகளில் இசைத் திறனுக்கு 20, நடைத் திறனுக்கு 20, எஞ்சிய 60 நிகழ்ச்சி பார்ப்போரிடம் ஏற்படுத்தும் ஒட்டுமொத்த விளைவுக்கு. குற்றமற வாசிக்கும் பள்ளி, துணிவான வடிவமைப்புக் கொண்ட பள்ளிக்குப் பின்னால் வருவதன் காரணம் பெரும்பாலும் இந்த அறுபதில்தான் இருக்கிறது.

முதல் போட்டியில் பல பள்ளிகள் நிகழ்ச்சியின் கடைசிப் பகுதியைக் கற்று முடிக்காமலேயே வரும், அல்லது உடையும் மேடைப் பொருளும் முழுமையடையாத நிலையில் ஆடும். ஆகவே அன்றைய புள்ளியைப் பக்கத்துப் பள்ளியின் புள்ளியோடு ஒப்பிடுவதைவிட, இசை, நடை, விளைவு ஆகிய மூன்றில் எது தாழ்ந்திருக்கிறது என்று பார்ப்பதும், மூன்று வாரம் கழித்து அதே எண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும் பொருளுள்ளவை. நடுவர்கள் பார்த்துக்கொண்டே பேசிய ஒலிப்பதிவுகளை ஆசிரியர்கள் பெற்று, அடுத்த வாரப் பயிற்சியை அவற்றைக் கொண்டே திட்டமிடுவார்கள். திங்கட்கிழமை பிள்ளையின் டாட் மாற்றப்பட்டதாகவோ, பழகிய எட்டு எண்ணிக்கை நீக்கப்பட்டதாகவோ கேள்விப்பட்டால், அது தண்டனையன்று, ஒலிப்பதிவின் விளைவு என்று கொள்ளலாம்.

ஞாயிறன்று காலையில் பிள்ளையை எழுப்பாதீர்கள். மதியம் காலணிகளைக் காற்றில் உலர வைத்து, காலுறையையும் கையுறையையும் துவைத்து, கிளாரினெட்டின் ஊதுவாயில் பொருத்தும் நாணல் தக்கை (ரீட்) உடைந்திருந்தால் புதியது வாங்கிவைத்து, குடுவையை வெந்நீரால் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மாலை முழுவதையும் வீட்டுப்பாடத்துக்கு விட்டுவிடுங்கள். அடுத்த பயிற்சி திங்கட்கிழமை காலையிலேயே தொடங்கிவிடும்.