பத்து வருஷமாகத் தொடாத பயோடேட்டாவைத் திருத்தி, வேலை தேடுவது எப்படி? வேலை போனவர்களுக்கு, வாளையாறிலிருந்து

பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் 11 வருஷம் ஸ்டோர்ஸ் (சரக்கு வைக்கும் பிரிவு) பார்த்தேன். போன வருஷம் எங்கள் உற்பத்தி லைனை மூடினார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த அன்று ஹெச்ஆர் மேடம், "புது பயோடேட்டா ஒண்ணு அனுப்பி வைம்மா, யாராவது கேட்டா கொடுக்கறேன்" என்றார். வீட்டுக்கு வந்து பழைய மெயிலில் தேடினேன். 2013-ல் அக்ஷயா சென்டரில் (கேரள அரசின் இ-சேவை மையம்) டைப் அடித்தது கிடைத்தது. அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு, பத்தாம் வகுப்பு மார்க் எல்லாம் இருந்தது. அந்த 11 வருஷம் மட்டும் அதில் இல்லை.

தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊர்களான வாளையாறு, கஞ்சிக்கோடு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கம் இதே நிலைமையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையை நன்றாகச் செய்தவர்கள்தான் எல்லோரும். செய்ததை எங்கும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். நான் செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: கையெழுத்துப் போடும் முன்

பயோடேட்டாவுக்கு முன்னால் இது. ஆள் குறைப்பு நடக்கும்போது சில இடங்களில், "பேப்பருக்காக ஒரு ராஜினாமா லெட்டர் எழுதிக் கொடுங்க" என்று கேட்பார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள். தொழிலாளி வகையில் வருகிற ஒருவரை, ஒரு வருஷமாவது வேலை பார்த்த பிறகு, கம்பெனியே ஆள் குறைப்பில் நிறுத்தினால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். அதோடு முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. நீங்களே விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த இழப்பீட்டைக் கேட்க வழியில்லை.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) இதிலிருந்து தனி. 5 வருஷம் முடித்தவர்களுக்கு, தானே விலகினாலும் உண்டு. கணக்கு சுலபம். கடைசியாக வாங்கிய மாத பேசிக்கையும் டிஏவையும் (அகவிலைப்படி) கூட்டி 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்குங்கள். 18,200 ரூபாய் வாங்கியவருக்கு ஒரு வருஷத்துக்கு 10,500. 11 வருஷத்துக்கு 1,15,500. இழப்பீட்டையும் கிராஜுவிட்டியையும் ஒரே தொகையாக எழுதி நீட்டினால், இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

வெளியே வரும்போது ரிலீவிங் லெட்டர், எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு இவற்றைக் கையோடு வாங்குங்கள். சம்பளச் சீட்டு கம்பெனி மெயிலில் மட்டும் இருந்தால் அன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த மெயில் திறக்காது. என்னை அசிஸ்டெண்ட் என்று எடுத்தார்கள், ஆறு வருஷமாக நான்தான் இன்சார்ஜ். சர்டிபிகேட்டில் பழைய பதவிப் பெயரே இருந்தது. ஹெச்ஆர் ஆட்கள் சீட்டில் இருக்கும்போதே கேட்டு மாற்றி வாங்கினேன். ஒரு மாதம் கழித்துப் போயிருந்தால் அந்த அறையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: 40 பக்க நோட்டு

கம்ப்யூட்டரை இப்போது திறக்க வேண்டாம். பழைய பயோடேட்டாவைத் திறந்தால் அதில் இருப்பதைத் திருத்தத்தான் கை போகும், இல்லாதது நினைவுக்கே வராது. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு பக்கம். தமிழிலோ மலையாளத்திலோ, எது கையில் ஓடுகிறதோ அதில் எழுதுங்கள்.

"என்ன வேலை செய்தேன்" என்று கேட்டுக்கொண்டால் ஒன்றும் வராது. எனக்கு உதவிய கேள்விகள் வேறு. அந்த வருஷம் என்ன புது மெஷின் வந்தது? எந்த ரிஜிஸ்டர் போய் எது வந்தது? யார் வேலையை விட்டுப் போனார்கள், அவர்கள் வேலை யார் தலையில் விழுந்தது? ஆடிட்டர் வந்தபோது யாரைக் கூப்பிட்டார்கள்?

2017 என்று எழுதிய பக்கத்தில் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. வாளையாறு செக்போஸ்ட் ஞாபகம் வந்ததும் கை நிற்கவில்லை. அந்த வருஷம் ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, செக்போஸ்டில் வரிப் பேப்பருக்காக லாரிகள் மைல் கணக்கில் நின்ற காலம் முடிந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில், அதாவது சரக்கு போவதற்காக ஆன்லைனில் எடுக்கும் பில். கோயம்புத்தூருக்கு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு லோடும் எல்லை தாண்டுகிற லோடு. அன்றைக்கு எங்கள் கம்பெனியில் யாருக்கும் அது தெரியாது. டெஸ்பாட்ச் பையனும் நானும் உட்கார்ந்து, போர்ட்டலைத் திறந்து, தப்பு செய்து, ரத்து செய்து கற்றுக்கொண்டோம். அதன் பிறகு ஆறு வருஷம் அது என் வேலை. இப்படி ஒரு வேலையை நான் வேலை என்றே நினைக்காமல் இருந்திருக்கிறேன்.

இன்னும் ஒரு கேள்வி உண்டு, அதை நீங்கள் கேட்டுக்கொள்ள முடியாது, கூட வேலை பார்த்தவரிடம் கேட்க வேண்டும்: "நான் லீவு போட்ட அன்னிக்கு எது நின்னுச்சு?" நான் பேக்கிங்கில் இருந்த அக்காவிடம் கேட்டேன். "நீ வராத அன்னிக்கு பில்லு போட ஆளில்லாம வண்டி கேட்லயே நிக்கும் அம்மிணி. எந்த ரேக்குல எது இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியாதுங்" என்றார். என் பயோடேட்டாவின் முதல் இரண்டு வரிகள் அங்கிருந்து வந்தவைதான்.

இந்த நோட்டுக்கு மூன்று நான்கு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். வேலை போன முதல் வாரத்தில் மனசு எதிலும் நிற்காது. நோட்டு எழுதும்போது மட்டும் எனக்கு நின்றது.

மூன்றாம் படி: தேதிகளைச் சரிபார்த்தல்

பிஎஃப் உறுப்பினர் இணையதளத்தில் யூஏஎன் (உங்கள் பிஎஃப் உறுப்பினர் எண்) போட்டு நுழைந்து சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி அங்கே எப்படி இருக்கிறதோ பயோடேட்டாவிலும் அப்படியே இருக்கட்டும். பெரிய கம்பெனிகள் பின்னணி சரிபார்க்கும்போது இதைத்தான் பார்க்கிறார்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடாமல் விட்டிருந்தால், கடைசி மாதத் தொகை கட்டி இரண்டு மாதம் ஆன பிறகு நீங்களே அதில் குறிக்கலாம்.

நான்காம் படி: எழுதுவது

இப்போது கம்ப்யூட்டர். கூகுள் டாக்ஸ் போதும், காசு கிடையாது, போனிலேயே செய்யலாம். மேலே பெயர், போன் எண், மெயில், ஊர். அதன் கீழ் நீங்கள் யார் என்று மூன்று வரி. பிறகு வேலை அனுபவம், கடைசி வேலை முதலில். பிறகு தெரிந்த மென்பொருள், மெஷின், கருவிகள். படிப்பு அதற்குக் கீழே. கடைசியில் மொழிகள். மொத்தம் இரண்டு பக்கம்.

அப்பா பெயர், மதம், கல்யாண விவரம், "மேற்கண்டவை உண்மையென உறுதி கூறுகிறேன்" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வேண்டுமென்றால் அவர்களே தங்கள் படிவத்தைக் கொடுத்துக் கேட்பார்கள். ஆனால் ஊரை மட்டும் எடுக்க வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்களைப் பற்றிக் கம்பெனிகளுக்கு "ஷிஃப்டுக்கு எப்படி வருவீங்க" என்பதுதான் முதல் சந்தேகம். "வாளையாறு, சொந்த டூவீலர் உண்டு" என்று ஒரு வரி போட்டால் அந்தச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அனுபவப் பகுதிதான் உயிர். என் பழைய பழக்கத்தில் முதலில் எழுதியது இது:

"ஸ்டோர்ஸ் சம்பந்தப்பட்ட அனைத்து வேலைகளும் செய்துள்ளேன்."

நோட்டைப் பார்த்து மாற்றியது:

"சுமார் 1,400 ஐட்டம் கொண்ட ஸ்டோர்ஸை ஒரு உதவியாளருடன் பார்த்துக்கொண்டேன். வரவுச் சரக்கைப் பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பிட்டு ஜிஆர்என் (சரக்கு வரவுச் சீட்டு) போடுவது, பின் கார்டு (ஒவ்வொரு ஐட்டத்தின் இருப்பு அட்டை), மாதாந்திர ஸ்டாக் சரிபார்ப்பு. 2018 முதல் மாநிலம் தாண்டும் எல்லா லோடுக்கும் இ-வே பில்."

படிக்கிறவருக்கு இதில் ஒரு ஆள் தெரிகிறார். மற்ற வேலைகளுக்கும் இதே வழிதான். வெல்டர் என்றால் ஆர்க், மிக், டிக் இவற்றில் எந்த வெல்டிங், எத்தனை மில்லிமீட்டர் தகடு என்று எழுத வேண்டும். குவாலிட்டி என்றால் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் இவற்றில் எதைக் கையாண்டீர்கள், ஐஎஸ்ஓ 9001 ஆடிட்டில் என்ன பொறுப்பு. அக்கவுண்ட்ஸ் என்றால் டேலி ஈஆர்பி 9 மட்டுமா, டேலி பிரைமும் தெரியுமா. எண்களைக் கூட்டிச் சொல்லாதீர்கள். "1,400 ஐட்டமா, எப்படிப் பிரிச்சு வெச்சீங்க?" என்று என்னிடம் ஒருவர் கேட்டார். உண்மையான எண் என்பதால் பத்து நிமிஷம் பேச முடிந்தது.

முதலில் தமிழில் எழுதிவிட்டு, பிறகு ஆங்கிலமாக்குங்கள். மொழிபெயர்க்கும் செயலி உதவும். ஆனால் அது தரும் வாக்கியத்தை உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள். உங்களால் விளக்க முடியாத பெரிய வார்த்தை எதுவும் உள்ளே இருக்கக் கூடாது.

மொழிகள் வரிக்கு நம் பக்கத்து ஆட்கள் கொடுக்கும் இடம் ரொம்பக் குறைவு. தமிழும் மலையாளமும் பேசுவது இங்கே காற்று மாதிரி, அதனால் எழுதத் தோன்றுவதில்லை. கோயம்புத்தூரில் பம்ப், மோட்டார், கிரைண்டர் செய்து கேரளாவுக்கு அனுப்பும் கம்பெனிக்கு, திருச்சூர் டீலரிடம் மலையாளத்தில் பேசும் ஆள் தேவை. கஞ்சிக்கோடு கம்பெனிக்கோ தமிழ் லாரி டிரைவரிடமும் சப்ளையரிடமும் பேசும் ஆள் தேவை. பேச, படிக்க, எழுத என்று மூன்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள். மலையாளம் பேசுவேன், மெதுவாகப் படிப்பேன், எழுத மாட்டேன். அதை அப்படியே போட்டேன்.

வேலை போன காரணத்தை மறைக்க வேண்டாம். கடைசி வேலைக்குக் கீழே "உற்பத்திப் பிரிவு மூடப்பட்டதால் ஆள் குறைப்பு" என்று ஒரு வரி போதும். கட்டம், இரட்டைப் பத்தி, கலர் பட்டை எதுவும் வேண்டாம். வேலை இணையதளங்களின் மென்பொருள் அவற்றைச் சரியாகப் படிப்பதில்லை. பிடிஎஃப் ஆக்கி, கோப்புக்கு உங்கள் பெயரும் வேலையும் வருகிற மாதிரி பெயர் வையுங்கள்.

ஐந்தாம் படி: தேடுவது

நௌக்ரி வேலைத் தளத்தில், இப்போது இருக்கும் ஊர் பாலக்காடு என்று போட்டதும், விரும்பும் ஊரில் கோயம்புத்தூரையும் சேர்க்க மறந்துவிடாதீர்கள். சேர்க்காவிட்டால் 30, 40 கிலோமீட்டர் தள்ளி ஆள் தேடுகிறவர் கண்ணில் நீங்கள் படவே மாட்டீர்கள். எனக்கு மூன்று வாரம் ஒரு போனும் வராததற்குக் காரணம் இதுதான். மத்திய அரசு 2015-ல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளத்திலும், தமிழக அரசு தனியார் வேலைகளுக்காக நடத்தும் தளத்திலும் இலவசமாகப் பதியலாம்.

ஆனால் சின்னக் கம்பெனிகள் பாதி இணையத்தில் விளம்பரமே கொடுப்பதில்லை. கேட்டில் ஒரு போர்டு தொங்கும், அவ்வளவுதான். காலை மெமு ரயிலில் ஏறினால் எட்டிமடை, மதுக்கரை தாண்டிக் கோயம்புத்தூர் பக்கத்துப் போத்தனூர். அங்கிருந்து குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை பக்கம்தான். பத்து பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க நடந்தேன். செக்யூரிட்டி அண்ணன்களிடம் மரியாதையாகக் கேட்டால் எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர்களே சொல்வார்கள். தீபாவளி போனஸ் வாங்கியதும் வேலை மாறுகிறவர்கள் உண்டு, அதனால் அதற்கடுத்த வாரங்களில் போர்டுகள் அதிகம் இருக்கும்.

வேலைக்குச் சேர முன்பணம், யூனிஃபார்ம் டெபாசிட், பதிவுக் கட்டணம் என்று யார் கேட்டாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். வளைகுடா வேலை என்றால், ஏஜெண்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பாஸ்போர்ட்டை வெளியே எடுங்கள்.

ஆறாம் படி: தெரிந்தவர்களிடம் சொல்வது

வெட்கமாக இருக்கும். எனக்கும் இரண்டு வாரம் யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. "ஏதாச்சும் வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொதுவாகக் கேட்டால், கேட்டவருக்கு யாரிடம் சொல்வது என்று தெரியாது. என்ன வேலை, எந்த ஊர் வரை என்று சொல்லுங்கள். பழைய சப்ளையர் ஒருவருக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்பியது:

"வணக்கம்ங்க சார். கஞ்சிக்கோட்டுல ஸ்டோர்ஸ் பார்த்துட்டு இருந்தேன், உங்க மெட்டீரியல் எல்லாம் நான்தான் இறக்குவேன். எங்க லைனை மூடிட்டாங்க. ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச் வேலை, போத்தனூர் வரைக்கும் வர முடியும். உங்களுக்குத் தெரிஞ்ச இடத்துல ஆள் கேட்டா சொல்லுங்க சார். பயோடேட்டா அனுப்பியிருக்கேன்."

சப்ளையர்களும் லாரி ஆபீஸ்காரர்களும் பத்து கம்பெனிக்குள் போய் வருகிறவர்கள். எங்கே ஆள் குறைகிறது என்று உறவினர்களைவிட அவர்களுக்கு முன்னால் தெரியும். எனக்கு வந்த மூன்று இன்டர்வியூவில் இரண்டு அந்த வழியாக வந்தவை. யாரிடம் எந்தத் தேதியில் சொன்னீர்கள் என்று அதே நோட்டின் பின்பக்கத்தில் குறித்து, ஒரு வாரம் கழித்து ஒருமுறை ஞாபகப்படுத்துங்கள்.

ஏழாம் படி: இன்டர்வியூவும் சேருவதும்

"ஏன் விட்டீங்க?" என்று கட்டாயம் கேட்பார்கள். "லைனை மூடினாங்க சார், அந்தப் பிரிவில் இருந்த எல்லோரையும் நிறுத்தினாங்க" என்று சொல்லி நிறுத்திவிடுங்கள். பழைய முதலாளி மேல் கோபம் இருந்தால் அதை வீட்டில் சொல்லிக்கொள்ளலாம். சம்பளம் பேசும்போது ரயில் சீசன் டிக்கெட், ஸ்டேஷனிலிருந்து பஸ், போக வர ஆகும் நேரம் மூன்றையும் கணக்கில் எடுங்கள். கோயம்புத்தூரில் 2,000 ரூபாய் அதிகம் என்று ஓர் இடத்துக்குத் தலையாட்டப் பார்த்தேன். கணக்குப் போட்டதில் மிஞ்சியது 400 ரூபாய், போனது தினம் மூன்று மணி நேரம்.

சேரும் அன்று படிவத்தில் பழைய யூஏஎன் எண்ணையே எழுதுங்கள். புதிது எடுத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய பிஎஃப் கணக்கைப் புதுக் கம்பெனிக்கு மாற்றும் விண்ணப்பத்தை முதல் மாதமே போட்டுவிடுங்கள். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். 7, 8 வருஷம் பார்த்துவிட்டு வேலை போன வேகத்தில் மொத்தத்தையும் எடுத்துவிட்டால், அந்த வருஷங்கள் பென்ஷன் கணக்கில் சேராது. புது இடத்தில் முதலிலிருந்து எண்ண வேண்டியிருக்கும்.