3 டிபி டிஸ்க் 746 ஜிபி என்று காட்டினால்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் சித்தப்பாவுக்கு ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. பழைய கலியாண நெகட்டிவ்களை எல்லாம் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறார். இருந்த டிஸ்க் நிரம்பியதும், பம்பலப்பிட்டிக்குப் போய் 3 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி வந்து, விண்டோஸ் 7 ஓடும் பழைய கொம்பியூட்டரில் பூட்டினார். திரையில் வந்தது 746 ஜிபி.

"ஏமாத்திப்போட்டாங்கள் பிள்ளை, திருப்பிக் குடுப்பமோ?" என்று போனில் கேட்டார்.

"பொறுங்கோ சித்தப்பா, டிஸ்க்கில பிழை இருக்காது" என்றேன். அந்த 746 என்ற இலக்கமே எங்கே தடங்கல் என்று சொல்லிவிட்டது.

முதலில் ஒரு கணக்கு. டிஸ்க் செய்பவர்களுக்கு 1 ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸ் 1024-ஐ மூன்று தரம் பெருக்கி எண்ணுகிறது. அதனால் 500 ஜிபி டிஸ்க் 465 என்றும், 1 டிபி 931 என்றும், 3 டிபி 2794 என்றும்தான் தெரியும். இதில் எதுவும் காணாமல் போகவில்லை. அதற்கும் கீழே போனால்தான் தேட வேண்டும்.

டிஸ்க்கில் இடம் 512 பைட் அறைகளாக எண்ணப்படுகிறது. பழைய மென்பொருள்கள் அறை இலக்கத்தை 32 பிட்டில், அதாவது 32 பூச்சியம்-ஒன்று இடங்களில் எழுதுகின்றன. அப்படி 4,294,967,296 அறைகளை மட்டுமே எண்ண முடியும். அதாவது 2,199,023,255,552 பைட். அதைத் தாண்டினால், பழைய காரின் கிலோமீற்றர் மீட்டர் 99999-க்குப் பிறகு பூச்சியத்துக்குத் திரும்புவது போல எண்ணிக்கை மீண்டும் தொடங்கிவிடும். 3 டிபியில் அந்த எல்லை போக மிஞ்சுவது சுமார் 80,157 கோடி பைட். விண்டோஸ் கணக்கில் அதுதான் 746 ஜிபி. 4 டிபி டிஸ்க் என்றால் 1678 வரும்.

ஞாயிறு காலை ஸ்டூடியோவுக்குப் போனதும் முதலில் பயோஸை, அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்ட் மென்பொருளைத் திறந்தேன். அங்கே 3000 ஜிபி என்று முழுதாகவே இருந்தது. ஆகவே பிழை விண்டோஸுக்குள். உங்கள் பயோஸே குறைவாகக் காட்டினால், உபுண்டு போட்ட ஒரு பென் டிரைவில் கொம்பியூட்டரை எழுப்பிப் பாருங்கள். அதில் முழு அளவு தெரிந்தால் டிஸ்க்கில் குறையில்லை. பயோஸை அப்டேட் செய்ய நினைத்தால் யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே போய்விடலாம்.

இங்கே குற்றவாளி பழைய ஸ்டோரேஜ் டிரைவர், அதாவது விண்டோஸை டிஸ்க்கோடு பேச வைக்கும் மென்பொருள். மதர்போர்ட் செய்தவர்களின் தளத்தில் புதிய டிரைவர் கிடைத்தால் அதைப் போடுங்கள். பயோஸில் சாட்டா முறை (டிஸ்க்கோடு கொம்பியூட்டர் பேசும் விதம்) ஏஹெச்சிஐ என்று இருந்தால், டிவைஸ் மனேஜரில் அந்தக் கண்ட்ரோலருக்கு விண்டோஸின் சொந்த 'ஸ்டாண்டர்ட் ஏஹெச்சிஐ' டிரைவரைத் தேர்ந்தெடுக்கலாம். நான் செய்தது இதைத்தான். ஆனால் பயோஸில் அந்த முறையையே மாற்றிவிடாதீர்கள். விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடக்கூடும்.

திரும்ப எழுப்பி டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்தால், இப்போது இரண்டு துண்டுகள்: 2048 ஜிபி, பக்கத்தில் மீண்டும் அதே 746. சித்தப்பாவின் முகம் வாடிவிட்டது. உண்மையில் பாதி வேலை முடிந்திருந்தது. டிஸ்க்கை முதன்முதலாகப் பூட்டிய அன்று, எந்த முறையில் அமைப்பது என்று விண்டோஸ் கேட்ட கேள்விக்குச் சித்தப்பா ஓகே கொடுத்தபோது, அது எம்பிஆர் என்ற பழைய அட்டவணை முறையில் அமைந்துவிட்டது. எம்பிஆர் அட்டவணைக்கும் அதே 32 பிட் எல்லைதான். இதற்கு மருந்து ஜிபிடி என்ற புதிய அட்டவணை முறை.

இடது பக்கம் 'டிஸ்க் 1' என்ற பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து 'கன்வேர்ட் டு ஜிபிடி டிஸ்க்' கொடுங்கள். டிஸ்க்கில் பிரிவுகள் இருந்தால் அது மங்கித் தெரியும். அவற்றை அழித்தால்தான் வழி விடும். அழித்தால் உள்ளே இருப்பதும் போகும். ஆகவே முதலில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்கள். டிஸ்க் இலக்கத்தை இரண்டு தரம் பாருங்கள், தயவுசெய்து. பிறகு புதிய வால்யூம் அமைத்து என்டிஎஃப்எஸ், குயிக் ஃபோர்மட். 2.72 டிபி வந்தால் சரி.

விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை இப்படி மாற்ற வேண்டாம். யூஇஎஃப்ஐ (பயோஸின் புதிய வடிவம்) இல்லாத பழைய பயோஸில் ஜிபிடி டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் எழும்பாது. சின்ன டிஸ்க்கில் விண்டோஸ், பெரியதில் படங்கள் என்று பிரித்து வைப்பதே நல்லது.

127 அல்லது 128 ஜிபியில் நின்றால் அது இன்னும் பழைய கதை: அறை இலக்கத்துக்கு 28 பிட் எல்லை. முதலில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இது இருந்தது, 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1 தீர்த்தது. மதர்போர்டுக்கே அந்த எல்லை இருந்தால் பிசிஐ சாட்டா கார்ட் ஒன்று போடலாம். வேறு கொம்பியூட்டரில் பெரிதாகப் பிரித்த டிஸ்க்கை இப்படிப்பட்டதில் பூட்டி எழுதாதீர்கள். எல்லையைத் தாண்டி எழுதுவது டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்து, பழைய ஃபைல்களை அழிக்கக்கூடும்.

நெகட்டிவ் படங்களைக் கொப்பி செய்ய மாலையாகிவிட்டது. பழைய டிஸ்க்கை அழிக்கவில்லை. ஒவ்வொரு வருட ஃபோல்டரிலும் சில படங்களைத் திறந்து பார்த்தோம்.

பிரிண்டரோடு இருக்கும் இன்னொரு கொம்பியூட்டர் 32 பிட் எக்ஸ்பி. அது ஜிபிடி டிஸ்க்கை வாசிக்காது, 'புரொடெக்டிவ்' என்று மட்டும் காட்டும். அங்கே பூட்டி யாராவது அழித்துவிடக் கூடாது. அதனால் டிஸ்க்கின் மேல் டேப் ஒட்டி "ஜிபிடி, எக்ஸ்பியில் பூட்ட வேண்டாம்" என்று மார்க்கரால் எழுதினேன். படங்கள் இருக்கும் ஃபோல்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்து, இரண்டு கொம்பியூட்டருக்கும் நடுவே ஒரு கேபிளைப் போட்டேன். வலையமைப்பு வழியாக வரும்போது டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டது என்பது எக்ஸ்பிக்குத் தேவையில்லை. சித்தப்பா பிரிண்ட் எடுத்த முதல் படம், அவருடைய அக்காவின் கலியாணம்.