பழைய ட்ராவல் ட்ரெய்லரில் திறக்காத ஜன்னலை மாற்றுவது எப்படி

1950, 60களில் அமெரிக்காவில் ஓடிய ஷாஸ்டா போன்ற, கார் இழுத்துச் செல்லும் சிறிய வீட்டு வண்டிகளின் (ட்ராவல் ட்ரெய்லர்) கட்டுமானம் பெரும்பாலும் ஒன்றுதான்: நடுவே மரச்சட்டம், வெளியே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அலுமினியத் தகடு, உள்ளே மெல்லிய ப்ளைவுட். திறக்காத ஜன்னல் ஓர் அலுமினிய பிரேமில் இருக்கும். அந்த பிரேமின் விளிம்பு வெளித்தகட்டின் மேல் படிந்து, ஸ்க்ரூக்களால் மரத்தோடு பிடிக்கப்பட்டிருக்கும். கீழே சொல்வதெல்லாம் இந்த வகைக்கு. ஏர்ஸ்ட்ரீம் என்ற இன்னொரு பிராண்ட் ட்ரெய்லர் மரச்சட்டம் இல்லாத, ரிவெட் அடித்த உடல். அதன் வேலை வேறு.

ஜன்னலுக்குக் கீழே ப்ளைவுட் கறுத்திருந்தால் கண்ணாடியைக் குற்றம் சொல்வது வழக்கம். தண்ணீர் பெரும்பாலும் கண்ணாடி வழியே வருவதில்லை, பிரேமுக்கும் தகட்டுக்கும் நடுவே காய்ந்து வெடித்த பழைய பட்டி (இடைவெளியை அடைக்கும் புட்டி) வழியே வருகிறது. அதனால் கண்ணாடியை மட்டும் மாற்றிவிட்டு வெளிவிளிம்பில் சிலிக்கானைப் பூசுவது வீண் வேலை. பிரேம் முழுவதையும் கழற்றியே ஆக வேண்டும். அதற்கு முன் ஜன்னலுக்கு மேலே உள்ள கூரை ஓரப் பட்டையையும் சிறு விளக்குகளையும் பாருங்கள். அங்கிருந்து ஒழுகும் நீரும் இறங்கி வந்து இதே இடத்தில்தான் கறையாகும்.

60 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரமுள்ள ஜன்னலின் சுற்றளவு 210 செ.மீ. இதற்கு 3 மி.மீ. தடிமன், 19 முதல் 25 மி.மீ. அகலமுள்ள பியூட்டைல் டேப் (நீர் புகாமல் அடைக்கும், பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) இரண்டரை மீட்டர், கண்ணாடி விளிம்பில் மாட்டும் 'யூ' வடிவ ரப்பர் அதே அளவு, 7 செ.மீ.க்கு ஒன்று என்று வைத்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ முப்பது வேண்டும். நாலைந்து கூடுதலாகவே வாங்குங்கள்.

கழற்றும்போது கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, தடித்த கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ தலையில் அடைந்திருக்கும் பெயின்டைக் கத்தி முனையால் சுரண்டிய பிறகே ஸ்க்ரூ டிரைவரை வைக்க வேண்டும். தலை மழுங்கிவிட்டால் அதைத் துளைத்து எடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு இடுக்கியால் பிடிக்கலாம். எல்லா ஸ்க்ரூவும் வந்த பிறகும் பிரேம் அசையாது. பழைய பட்டி பிடித்திருக்கும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து இரும்பு நெம்புகோலை நுழைக்கிறார்கள். தகடு ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது. ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) மிதமாக வைத்து, பிளாஸ்டிக் பட்டி பிளேடைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளுங்கள். உள்ளே ஒருவர் பிரேமைத் தாங்கட்டும்.

இனி மரம். ஸ்க்ரூ டிரைவர் முனையால் சுற்றிலும், முக்கியமாகக் கீழ்க்கட்டையில், குத்திப் பாருங்கள். முனை எளிதாக இறங்கினால் நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே தடிமனுள்ள மரத்தை நீர் புகாத பசையோடு வைத்துப் பிடியுங்கள். உளுக்காமல் இருக்கச் செப்பு உப்பு ஏற்றிய மரம் இங்கே கூடாது; ஈரம் பட்டால் அது அலுமினியத் தகட்டை அரிக்கும். மரம் நன்றாக இருந்து ஸ்க்ரூ ஓட்டை மட்டும் தளர்ந்திருந்தால், பசையில் தோய்த்த கெட்டிமரக் குச்சியை அடித்து அடைத்து, புதிதாகத் துளை போடுங்கள்.

கண்ணாடிக்கு அளவு எடுக்கும்போது பழைய கண்ணாடியை நம்ப வேண்டாம். முன்பே யாராவது மாற்றியிருக்கலாம். பிரேமின் பள்ளத்தில் அடியிலிருந்து அடிவரை அகலத்தையும் உயரத்தையும் மூன்று மூன்று இடத்தில் அளந்து, சிறியதை எடுத்து, ரப்பரின் அடித்தடிமனை இரு பக்கத்துக்கும் கழித்து, இன்னும் 3 மி.மீ. குறையுங்கள். அந்த அளவில் 3 மி.மீ. ஹார்ட்போர்டை வெட்டி, மூலை வளைவோடு ரப்பர் மாட்டி பிரேமில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே கண்ணாடிக் கடையில் கொடுங்கள். டஃபன்ட் கண்ணாடியை (சூடேற்றி உறுதியாக்கியது) சூளையில் ஏற்றிய பிறகு வெட்டவோ தேய்த்துக் குறைக்கவோ முடியாது. அளவு தவறினால் காசு போனதுதான். லேமினேட்டட் (நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி) வாங்குவதானால் அதன் தடிமன் பழைய பள்ளத்தில் நுழையுமா என்று முதலில் பாருங்கள். கண்ணாடிக்குப் பதில் போடும் அக்ரிலிக் பிளாஸ்டிக் எடை குறைவு, உடைவதும் குறைவு. ஆனால் 60 செ.மீ. அக்ரிலிக் 40 டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீளும். அதே அளவு கண்ணாடி கால் மி.மீ.கூட நீளாது. இடைவெளி விடாமல் வைத்த அக்ரிலிக் வெயிலில் வளைந்து ரப்பரைத் தள்ளிவிடும். எளிதில் கீறலும் விழும். கண்ணாடியே மேல்.

'யூ' ரப்பரை இழுத்து மாட்டாதீர்கள். இழுத்தது நாளடைவில் சுருங்கி மூலையில் வாய் பிளக்கும். ஒரு செ.மீ. கூடுதலாக வெட்டி, சோப்புத் தண்ணீர் தடவி, கண்ணாடி விளிம்பில் நெருக்கித் தள்ளுங்கள். பிறகு ரப்பரோடு கண்ணாடியை பிரேமில் பொருத்துங்கள். பிரேமின் அடிப்பகுதியில் சிறு வடிதுளைகள் இருந்தால் அடைக்கக் கூடாது.

தகட்டில் ஒட்டிய பட்டியை மினரல் டர்பென்டைனிலும், கடைசியாக ஐசோப்ரோபைல் ஆல்கஹாலிலும் துடையுங்கள். பழைய சிலிக்கான் இருந்தால் துணியால் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அதன் மிச்சத்தின் மேல் எதுவும் ஒட்டாது. புளித்த வாடை வீசும் சிலிக்கான் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும், அலுமினியத்துக்கு ஆகாது.

பியூட்டைல் டேப்பை பிரேம் விளிம்பின் உள்முகத்தில் கீழ்ப்பக்க நடுவில் தொடங்கி, சுற்றி வந்து அங்கேயே முடியுங்கள். மேல்விளிம்பில் இணைப்பு வரக் கூடாது, மழை முதலில் தட்டும் இடம் அது. மூலையில் டேப் மெலியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிரேமைத் துளையில் வைத்து, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவிலிருந்து மாற்றி மாற்றி ஸ்க்ரூவைப் பாதியளவு முடுக்குங்கள். மறுநாள் டேப் நசுங்கி அடங்கியிருக்கும்; அப்போது இன்னொரு சுற்று. ஒரே மூச்சில் இறுக்கினால் இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவே விளிம்பு மேலெழும்பி அங்கேயே ஒழுகும், பிரேம் முறுகினால் கண்ணாடியும் விரியும். பிதுங்கிய டேப்பை பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கிவிட்டு, மேல், இரு பக்கங்களில் மட்டும் பாலியூரித்தேன் சீலன்ட் மெல்லியதாக ஓட்டுங்கள். கீழ்விளிம்பு திறந்தே இருக்கட்டும், தப்பித் தவறி உள்ளே போகும் நீருக்கு வெளியேற வழி வேண்டும்.

சீலன்ட் காய்ந்ததும் நாசில் இல்லாத குழாயால், அழுத்தமில்லாமல், கீழ்விளிம்பில் பத்து நிமிடம், பிறகு பக்கங்கள், கடைசியில் மேலே என்று தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எந்த இடம் ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. உள்ளே ஒருவர் டார்ச்சோடு இருக்கட்டும். முன்பக்க ஜன்னலுக்கு இது மட்டும் போதாது. ஓடும்போது காற்று மழைநீரை நேராக அதில் அறையும். ஜன்னலைச் சுற்றி உள்ளே வரும் மரத்தாலான ஓரப் பட்டையை அடிக்காமல் விட்டு, ஒரு மழைப் பயணம் போய்வந்த பிறகு கீழ்க்கட்டை ஈரமில்லையா என்று தொட்டுப் பார்த்து மாட்டுங்கள்.