ஊர் ஏரியில் பறவைக் கணக்கெடுப்பு: பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவது எப்படி?

முதல் முறை நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 42 பேரையும் வரிசையாக ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். கையில் விசில் வேறு. நாங்கள் கரை ஏறியதுதான் தாமதம், தண்ணீரில் இருந்த கொக்கு, நாரை, வாத்து எல்லாம் ஒரே மூச்சில் கிளம்பி எதிர்க்கரைக்கு அப்பால் போய்விட்டன. மின்கம்பியில் உட்கார்ந்திருந்த இரண்டு கரிச்சான் மட்டும் எங்களை மதித்து இருந்தன. அன்றைய கணக்கு அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆசிரியரும் இதைத் தொடங்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

படி 1: ஏரியைத் தேர்ந்தெடுங்கள், முதலில் தனியாகப் போய்வாருங்கள்

வேடந்தாங்கல், கூந்தன்குளம் மாதிரிப் பறவைச் சரணாலயங்களுக்குப் பஸ் பிடிக்க வேண்டாம். அங்கே வருடத்துக்கு ஒரு முறைதான் போக முடியும். கணக்கெடுப்புக்கு வேண்டியது திரும்பத் திரும்பப் போகக்கூடிய இடம். பள்ளியிலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருக்கும் ஏரி, கண்மாய், குளம் எதுவானாலும் சரி.

பிள்ளைகள் இல்லாமல் ஒரு காலையில் கரை முழுக்க நடந்து பாருங்கள். கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது பள்ளம். வண்டல் அள்ளிய இடங்களில் மேலே முழங்கால் தண்ணீர்போலத் தெரியும், உள்ளே ஆள் மூழ்கும் ஆழம் இருக்கும். மதகுப் பக்கமும் அப்படித்தான். பிள்ளைகள் கரையை விட்டு இறங்கவே கூடாது என்பதை முதல் விதியாக வையுங்கள். இரண்டாவது வெயில். காலையில் கிழக்குப் பார்த்து நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நிற்க ஓரிடம் தேடி, அங்கே ஒரு மரத்தையோ கல்லையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் கையெழுத்து, ஊராட்சித் தலைவரிடம் ஒரு வார்த்தை. மூன்றையும் முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: ஊரிலிருந்து பெயர்களைச் சேகரியுங்கள்

நான் அதிகம் ரசிக்கும் படி இதுதான். பறவைக் கையேடு வாங்குவதற்கு முன், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, "தாத்தா, ஏரியில என்னென்ன பறவை வரும்?" என்று கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். ஆடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர், மடை திறக்கும் நீர்க்கட்டி, இவர்களையும் விடக்கூடாது. ஒரு வாரத்தில் முப்பது பெயருக்குக் குறையாமல் சேரும்.

அந்தப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினால் ஒன்று புரியும்: பறவையை அடையாளம் காணும் வழி பெயருக்குள்ளேயே இருக்கிறது. நாமக்கோழி உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை நாமம். ஊசிவால் வாத்துக்கு வால் ஊசிபோல நீண்டிருக்கும். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டு வளைந்திருக்கும், அதன் முக்கிய உணவு நத்தை. உண்ணிக்கொக்கு மாட்டின் பின்னாலேயே நடந்து, மாடு கிளப்பிவிடும் பூச்சிகளையும் அதன் உடம்பில் இருக்கும் உண்ணிகளையும் தின்னும். பாம்புத்தாரா நீந்தும்போது கழுத்து மட்டும் வெளியே தெரியும், நிஜமாகவே பாம்புதான் போகிறது என்று நினைப்பீர்கள். முக்குளிப்பானைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மடையானை எங்கள் பக்கம் பாட்டிமார்கள் குருட்டுக் கொக்கு என்பார்கள். கிட்டே போகும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பதால் அதற்குக் கண் தெரியாது என்று நம்பிக்கை. உண்மையில் அதன் பழுப்பு முதுகு சேற்றோடு கலந்துவிடுவதால் அதற்கு ஓட வேண்டிய தேவை இல்லை. பறக்கும்போது பாருங்கள், இறக்கை பளிச்சென்று வெள்ளை.

ஒரே பறவைக்கு மூன்று பெயர் வந்தால் மூன்றையும் எழுதிவையுங்கள். அழிக்காதீர்கள்.

படி 3: புளியங்கொட்டையை வைத்துப் பழகுங்கள்

அடையாளம் காண்பதைவிட எண்ணுவதுதான் கடினம். இருநூறு வாத்து மொத்தமாக இறங்கினால் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

வகுப்பறைத் தரையில் ஒரு கை புளியங்கொட்டையைக் கொட்டுங்கள். ஐந்து விநாடி பார்க்கவிட்டுத் துணியால் மூடிவிட்டு, எத்தனை என்று கேளுங்கள். ஒருவன் 50 என்பான், இன்னொருத்தி 300 என்பாள். அப்புறம் வழியைச் சொல்லிக் கொடுங்கள்: முதலில் 10 கொட்டையை எண்ணு, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார், அந்த அளவுள்ள இடம் மொத்தத்தில் எத்தனை இருக்கிறது என்று பார், பத்தால் பெருக்கு. நான்கைந்து முறை விளையாடினால் பிள்ளைகளின் மதிப்பீடு உண்மைக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது என்று பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள். கணக்கு வாத்தியாரையும் இந்த நேரத்தில் உள்ளே இழுத்துவிடுங்கள்.

படி 4: கணக்கெடுக்கும் காலை

ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள், ஒரு நாளைக்கு இரண்டு குழு போதும். காலை 6.30 மணிக்குக் கரையில் இருந்தால் நல்லது. ஒரு நோட்டு, பென்சில், கடிகாரம். பைனாகுலர் ஒன்று கிடைத்தால் குழுவுக்கே போதும். 8x42 என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர். அதைவிட மடங்கு கூடியதை வாங்கினால் பிள்ளைகள் கையில் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும். பைனாகுலரே இல்லாவிட்டாலும் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும்.

வேலையைப் பங்கிடுங்கள்: இருவர் பார்ப்பார்கள், ஒருவர் எண்ணுவார், ஒருவர் எழுதுவார், ஒருவர் நேரம் பார்ப்பார். ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம். ஒரே கூட்டம் இங்கும் அங்கும் பறந்தால் ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. ஒரே நேரத்தில் கண்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதுங்கள். நாங்கள் ஒரு முறை 40 நாரையை 120 ஆக்கினோம், நாரைகள் ஏரியை மூன்று சுற்றுச் சுற்றியதால்.

தெரியாத பறவைக்குப் பெயர் வைத்துவிடாதீர்கள். "தெரியாத வாத்து, 6" என்று எழுதினால் தப்பே இல்லை. கூட்டுக்கு அருகில் போகக் கூடாது, கல் எறியக் கூடாது, பறவையை வரவைக்கப் போனில் அதன் குரலைப் போடக் கூடாது.

படி 5: எழுதியதை உலகத்தோடு சேருங்கள்

பறவைப் பட்டியல்களைச் சேர்த்துவைக்கும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் ஆசிரியர் பெயரில் ஒரு கணக்குத் தொடங்குங்கள். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2002-இல் தொடங்கியது, இலவசம். செயலியைக் கையில் வைத்திருந்தால் நேரத்தையும் நடந்த வழியையும் அதுவே பதிந்துகொள்ளும். கடைசியில், அடையாளம் காண முடிந்த எல்லாப் பறவைகளையும் எழுதினீர்களா என்று ஒரு கேள்வி வரும். அழகான நாலு பறவையை மட்டும் எழுதிவிட்டு ஆமாம் என்று அழுத்தாதீர்கள். காகத்தையும் மைனாவையும் விட்டுவிடாத பட்டியல்தான் ஆய்வாளர்களுக்கு அதிகம் பயன்படுகிறது, ஏனென்றால் அதில் இல்லாத பறவை அன்றைக்குப் பட்டியல் எழுதியவர்கள் கண்ணில் படவில்லை என்று பொருள்.

தேதிக்குக் கவலை வேண்டாம். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகம் முழுக்க நடக்கும் நான்கு நாள் கணக்கெடுப்பும் உண்டு. அதில் கல்லூரி, பள்ளி வளாகங்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. வலசை வரும் வாத்துகள் ஏரியில் இருக்கும் காலமும் அதுதான். அக்டோபரிலேயே பழகத் தொடங்கினால் பொங்கலுக்குள் பிள்ளைகள் தயாராகிவிடுவார்கள்.

படி 6: ஊருக்குத் திருப்பிக் கொடுங்கள்

பொங்கல் முடிந்து பத்து நாளில் ஜனவரி 26 கிராம சபை வருகிறது. ஒரு சார்ட்டில் பறவைப் பெயர், எண்ணிக்கை, பெயர் சொன்ன பெரியவர் யார் என்று மூன்று பத்தி போட்டு, பிள்ளைகளையே பேசவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். எங்கள் ஊரில் பேசி முடிப்பதற்குள் ஓர் அம்மா எழுந்து, "அது நீர்க்கோழி இல்லடா, கானாங்கோழி" என்று திருத்தினார். சார்ட்டிலேயே அடித்து எழுதினோம். அதுவரை ஓரமாக நின்றவர்கள் எல்லாம் கிட்டே வந்தார்கள், ஏரி நிரம்பி வழியும் கலங்கல் பக்கம் கொட்டும் குப்பையைப் பற்றிய பேச்சும் தானாகவே வந்தது. பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். 1971-இல் ஈரானின் ராம்சர் நகரில் ஈரநில ஒப்பந்தம் கையெழுத்தான தேதி. அன்றைக்கு அதே சார்ட்டைப் பள்ளியிலும் மாட்டலாம்.

வேடந்தாங்கல்காரர்கள் ஏன் பறவைக்குக் காவல் நின்றார்கள் என்ற கதையைக் கூட்டத்தில் சொல்லுங்கள். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வேட்டையைத் தடுக்கக் கேட்டு 1798-இலேயே கிழக்கிந்தியக் கம்பெனியின் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் எழுத்தில் உத்தரவு வாங்கி வைத்தார்கள். விவசாயிகளிடம் இது உடனே எடுபடும்.

அப்புறம் மே மாதம், ஏரி வற்றி வெடித்துக் கிடக்கும்போதும் அதே மரத்தடிக்குப் போய் அதே 15 நிமிடம் நில்லுங்கள். மண்ணில் ஒரு ஜோடி ஆள்காட்டிக் குருவி மட்டும் இருந்தால் 2 என்று எழுதுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் 0.